மணிச்சத்தை அவிழ்த்துத் தரும் மண் நுண்ணுயிர்கள்: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பெங்களூரில் மண் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் ஒன்றில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு அல்சூரில். மாடியில் தொட்டி வைத்திருக்கும் அக்கம்பக்கத்தார், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு இங்கே வேலைக்கு வந்தவர்கள், எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பாஸ்போபாக்டீரியா என்றால் என்ன, போட்டால் பலன் உண்டா, டிஏபி உரத்தை விட்டுவிடலாமா. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மணிச்சத்து பயிருக்கு எதற்கு?

மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். பெயரிலேயே பதில் இருக்கிறது. கதிரில் மணி பிடிக்க இந்தச் சத்து வேண்டும். வேர் ஓடுவதற்கும், பூ எடுப்பதற்கும், இலையில் பிடித்த வெயிலைச் செடி தன் வேலைக்கான சக்தியாக மாற்றுவதற்கும் பாஸ்பரஸ் இல்லாமல் முடியாது. டிஎன்ஏவிலும் செல்லின் சவ்விலும்கூட அது இருக்கிறது. பாஸ்பரஸுக்கு மாற்று கிடையாது. வேறு எந்தத் தனிமமும் அந்த இடத்தில் நிற்காது.

எங்கள் மண்ணில் மணிச்சத்தே இல்லையா? பரிசோதனைச் சீட்டில் ‘குறைவு’ என்று வருகிறதே?

இருக்கிறது. அந்தச் சீட்டில் வருவது மண்ணின் மொத்த இருப்பு இல்லை, பயிருக்குக் கிட்டும் நிலையில் இருக்கும் பங்கின் கணக்கு. ஒரு கிலோ மண்ணில் சில நூறு மில்லிகிராம் பாஸ்பரஸ் இருப்பது சாதாரணம். ஆனால் அந்த மண்ணின் ஈரத்தில் கரைந்து நிற்பது பல சமயம் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இராது. வேரால் குடிக்க முடிவது கரைந்து நிற்பதை மட்டும்தான். குதிர் நிறைய நெல், குதிரின் வாய் அடைத்திருக்கிறது.

வாயை அடைப்பது யார் என்பது ஊருக்கு ஊர் மாறும். பெங்களூரைச் சுற்றி இருப்பது செம்மண். அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடின் நிறம். மண் புளிப்பாக, அதாவது அமிலமாக ஆக ஆக, இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டை, அதாவது மண்ணில் பாஸ்பரஸ் இருக்கும் வடிவத்தை, இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. சுண்ணாம்பு அதிகமான மண்ணிலும் கரிசலிலும் இதே வேலையைக் கால்சியம் செய்கிறது. கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால்தான் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

நாம் போடும் உரத்துக்கும் இதே கதிதான். டிஏபியாகவோ சூப்பர் பாஸ்பேட்டாகவோ போடுவதில் அந்தப் போகத்துப் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 15 முதல் 20 சதவீதம். மீதி மண்ணிலேயே சிக்கிக் கிடக்கிறது. வருடக்கணக்கில் உரம் போட்ட நிலங்களில் இப்படிச் சேர்ந்து கிடக்கும் சத்து கொஞ்சநஞ்சம் இல்லை.

அதை நுண்ணுயிர் எப்படி அவிழ்க்கிறது?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செடியின் வேர் சும்மா இருப்பதில்லை. இலை தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணுக்குள் கசியவிடுகிறது. அதைத் தின்ன வேரைச் சுற்றி பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் கூட்டமாகச் சேர்கின்றன. அவற்றில் சில, குளுக்கோஸைக் குளுக்கோனிக் அமிலமாக மாற்றி வெளியே விடுகின்றன. சில சிட்ரிக் அமிலமும் ஆக்ஸாலிக் அமிலமும் விடுகின்றன. எலுமிச்சைச் சாறு பட்டால் சுண்ணாம்புக் கறை கரைகிற மாதிரி, அமிலம் பட்ட இடத்தில் கால்சியம் பாஸ்பேட் கரைகிறது. சிட்ரிக், ஆக்ஸாலிக் அமிலங்களுக்கு இன்னொரு திறமையும் உண்டு. இரும்பையும் அலுமினியத்தையும் தாமே பிடித்துக்கொண்டு பாஸ்பேட்டை விடுவித்துவிடும்.

இது தாதுவாக இருக்கும் மணிச்சத்தின் கதை. மண்ணில் இன்னொரு பெரிய பங்கு, மக்கிய இலைதழை, சாணம், விதை இவற்றிலிருந்து வந்த அங்ககப் பாஸ்பரஸ். விதைகள் மணிச்சத்தைச் சேமித்து வைப்பது பைட்டிக் அமிலமாக. அதை உடைக்க பைட்டேஸ், பாஸ்பட்டேஸ் என்னும் நொதிகள் வேண்டும். அந்த நொதிகளையும் இந்த நுண்ணுயிர்கள் தருகின்றன.

கரைத்ததை முதலில் தின்பதும் அவையே. அவற்றின் உடம்புக்கும் பாஸ்பரஸ் வேண்டுமே. அவை செத்தபின்போ, மண்ணில் இருக்கும் ஒரு செல் உயிர்களும் நுண்புழுக்களும் அவற்றைத் தின்று கழித்தபின்போதான் அந்தச் சத்தில் நிறைய வேருக்கு வந்து சேர்கிறது. ‘நேற்றுப் போட்டேன், இன்று ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்பவர்களுக்கு இந்தச் சங்கிலியைத்தான் நினைவுபடுத்துவேன்.

இப்படி மணிச்சத்தை அவிழ்க்கும் பாக்டீரியாவைத்தான் பாஸ்போபாக்டீரியா என்கிறார்கள். பாக்கெட்டில் அதிகம் வரும் பெயர்கள் பேசில்லஸ் மெகாதீரியம் (இப்போது பிரீஸ்டியா மெகாதீரியம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்), சூடோமோனாஸ் ஸ்ட்ரையேட்டா. பூஞ்சைகளில் அஸ்பர்ஜில்லஸ் அவாமோரி.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். 1948-இல் பிக்கோவ்ஸ்கயா என்ற ரஷ்ய விஞ்ஞானி நுண்ணுயிர் வளர்க்கும் ஊடகம் ஒன்றைச் சொல்லிவைத்தார். சர்க்கரை, கொஞ்சம் உப்புகள், தண்ணீரில் கரையாத டிரைகால்சியம் பாஸ்பேட், இறுக அகார். தட்டில் ஊற்றி ஆறவைத்தால் கெட்டித் தயிர் போல வெளுத்து நிற்கும். அதில் மண் கரைசலைத் தடவி வைத்து சில நாள் கழித்து எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். அங்கங்கே கடுகு அளவில் புள்ளி புள்ளியாக நுண்ணுயிர்க் கூட்டம் தெரியும். பெரும்பாலான புள்ளிகளைச் சுற்றி வெள்ளை அப்படியே இருக்கும். ஒன்றிரண்டைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தெளிந்து, வெள்ளைச் சுவரில் சின்ன ஜன்னல் திறந்த மாதிரி, மேசையில் இருக்கும் எழுத்து அதன் வழியே தெரியும். முதல் தடவை பார்த்த நாளில் அந்தத் தட்டை நான் கீழே வைக்கவே இல்லை.

ஆனால் ஒன்று. விளம்பரங்களில் இந்த வட்டத்தைப் பெரிதாகப் படம்பிடித்துப் போடுகிறார்கள். தட்டில் இருப்பது கால்சியம் பாஸ்பேட், கரைக்க எளிது. நம் செம்மண்ணில் இருப்பது இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்தது, அது லேசில் விடாது. போதாக்குறைக்கு, தட்டில் சர்க்கரை தாராளம், மண்ணில் பஞ்சம். தட்டில் ஜெயித்த கிருமி நிலத்திலும் ஜெயிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அப்படியென்றால் பலன் உண்டா, இல்லையா?

இடத்தைப் பொறுத்து உண்டு. சோவியத் நாட்டில் பேசில்லஸ் மெகாதீரியத்தை ‘பாஸ்போபாக்டெரின்’ என்ற பெயரில் பெரிய பரப்பில் போட்டார்கள், விளைச்சல் கூடியது என்றார்கள். மற்ற நாடுகளில் அதையே சோதித்தபோது அந்தப் பலன் ஒரே சீராகக் கிடைக்கவில்லை. அப்புறம் டெல்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நம் மண்ணுக்கேற்ற வகைகளைத் தேடி ‘மைக்ரோபாஸ்’ என்ற நுண்ணுயிர் உரத்தைக் கொண்டுவந்தது.

என் அனுபவத்தில் பலன் தெரிவது இப்படிப்பட்ட இடத்தில்: மொத்த மணிச்சத்து இருந்தும் கிட்டும் நிலையில் குறைவு, மண்ணில் தொழு உரமோ மக்கோ தாராளம், ஈரம் உண்டு. வெடித்துக் காய்ந்து, மக்கே இல்லாத மண்ணில் போட்டால் வந்த கிருமிகள் பட்டினியில் செத்துப்போகும். ஏற்கெனவே மணிச்சத்து அதிகம் என்று சீட்டு சொல்லும் நிலத்தில் போட்டால், செடிக்கு அது தேவையே இல்லை. பாக்கெட் வாங்கும் முன் மண் பரிசோதனை செய்யுங்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான். இரண்டுக்கும் காசு இல்லையென்றால் பரிசோதனையை மட்டும் செய்யுங்கள்.

டிஏபியை நிறுத்திவிடலாமா?

எடுத்த எடுப்பில் வேண்டாம். இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ரைசோபியமும் அசோஸ்பைரில்லமும் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொண்டுவரும், அது புது வரவு. பாஸ்பரஸைப் பிடித்துவரக் காற்றில் ஒன்றும் இல்லை. பாஸ்போபாக்டீரியா செய்வது மண்ணில் இருப்பதைப் புரட்டித் தருவது. அறுவடையில் வெளியே போகும் அளவுக்கு எப்போதாவது திருப்பிப் போட்டே ஆக வேண்டும்.

ஐம்பது கிலோ டிஏபி மூட்டையில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடு (உரத்தில் மணிச்சத்தைக் கணக்குச் சொல்லும் வடிவம்). தனிமமாகக் கணக்கிட்டால் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ். வெகுநாளாக அடியுரம் போட்டுவந்த நிலமாக இருந்து, சீட்டில் நடுத்தரம் அல்லது அதற்கு மேல் என்று வந்தால், மணிச்சத்தில் கால் பங்கைக் குறைத்து நுண்ணுயிர் உரத்தோடு ஒரு போகம் பாருங்கள். நிலத்தின் ஓரத்தில் ஒரு பாத்தியைப் பழையபடியே விடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் நீங்களே முடிவெடுக்கலாம்.

பாறைப் பாஸ்பேட்டும் நல்ல வழி. உதய்பூருக்குப் பக்கத்தில் ஜாமர்கோட்ராவில் வெட்டி எடுக்கிறார்கள். அப்படியே போட்டால் மெதுவாகத்தான் கரையும். புளிப்பான செம்மண்ணில் கொஞ்சம் சுலபம். தொழு உரக் குழியிலேயே அதைத் தூவி, பாஸ்போபாக்டீரியாவையும் கலந்து மக்கவிட்டால் இன்னும் நல்லது. நம் நாடு பாறைப் பாஸ்பேட்டிலும் பாஸ்பாரிக் அமிலத்திலும் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. உலகத்தில் இருக்கும் இருப்பில் பாதிக்கு மேல் மொராக்கோ பக்கம் கிடக்கிறது. நம் மண்ணில் ஏற்கெனவே காசு கொடுத்துப் போட்டுப் பூட்டிவைத்ததை வெளியே எடுக்க இதைவிட என்ன காரணம் வேண்டும்?

வேம் என்று ஒன்று விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. வேம் என்பது வேர்ப்பூஞ்சை, மைக்கோரைசா. மைக்கோரைசா என்பது 1885-இல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃப்ராங்க் வைத்த பெயர். பாஸ்பேட் மண்ணில் நகர்வது மிகமிக மெதுவாக. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதைக் குடித்துத் தீர்த்துவிட்டால், அடுத்தது வந்து சேர்வதற்குள் பயிரின் காலமே முடிந்துவிடும். வேர்ப்பூஞ்சை வேருக்குள் ஒரு கால் வைத்துக்கொண்டு, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளை அந்த வறண்ட வட்டத்தைத் தாண்டி சில சென்டிமீட்டர் தூரம் அனுப்பி, அங்கிருந்து பாஸ்பேட்டைக் கொண்டுவரும். பாக்டீரியா கரைக்கும், பூஞ்சை சுமந்துவரும். இரண்டும் சேர்ந்தால் நல்லது.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமையான விஷயம் ஒன்று. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில், ஜிகேவிகே என்று நாம் சொல்லும் இடத்தில், பேராசிரியர் டி. ஜே. பாக்யராஜ் பல்லாண்டு காலம் வேர்ப்பூஞ்சையை ஆராய்ந்தார். இந்தத் துறையில் உலகம் அறிந்த பெயர் அது.

வேம் வாங்கும் முன் இரண்டு விஷயம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட், பாலக் இவை வேர்ப்பூஞ்சையோடு சேராத குடும்பங்கள், அவற்றுக்குப் போட்டு வீணாக்க வேண்டாம். மணிச்சத்தை அள்ளிக் கொட்டினால் செடி பூஞ்சையை உள்ளே விடாது. பசித்த செடிதான் ஸ்டிரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிட்டு அதைக் கூப்பிடும். (சோளக்காட்டில் வரும் சுடுமல்லிக் களையும் இதே அழைப்பை ஒட்டுக்கேட்டுத்தான் முளைக்கிறது.)

பாக்கெட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உள்ளே இருப்பது உயிர். முதலில் காலாவதி தேதி, அப்புறம் கிருமியின் பெயர், எண்ணிக்கை. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-இன் கீழ் உயிர் உரங்களை 2006-இல் சேர்த்தார்கள். அதன்படி பாஸ்போபாக்டீரியா தூளாக இருந்தால் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள், திரவமாக இருந்தால் ஒரு மில்லிக்கு 10 கோடி இருக்க வேண்டும்.

ஒருமுறை ஊருக்குப் போகும் வழியில் ஒரு உரக்கடையில் நான்கு பாக்கெட் வாங்கினேன். தேதி சரியாகவே இருந்தது. ஆனால் கடை வாசலில், மேற்கு வெயில் நேரே விழும் அலமாரியில் அடுக்கியிருந்தார்கள், கையில் எடுத்தபோதே கதகதவென்று இருந்தது. சந்தேகப்பட்டு ஒன்றை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து தட்டில் போட்டேன். ஐந்து நாள் காத்திருந்தேன். பச்சையாக ஒரு பூஞ்சாணம் வந்தது, எனக்கு வேண்டியது ஒன்றுகூட வரவில்லை. மீதி மூன்றும் என் அத்தை நிலத்துக்குப் போகவேண்டியவை. கிருமி செத்து வெறும் கரித்தூளாகிவிட்ட மூன்று பாக்கெட்டை நம்பி அவர் அடியுரத்தைக் குறைத்திருப்பார் என்று நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. நிழலில், குளிர்ச்சியான இடத்தில் வைத்து விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

பெங்களூரில் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘அர்கா மைக்ரோபியல் கன்சார்ட்டியம்’ தருகிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிப்பது, மணிச்சத்தும் துத்தநாகமும் கரைப்பது எல்லாம் ஒரே பையில். காய்கறி போடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஜிகேவிகேயில் வருடாவருடம் நடக்கும் கிருஷி மேளாவுக்குப் போனால் விவரம் கேட்கவும் ஆள் இருப்பார்கள்.

எப்படிப் போடுவது?

கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை: ஒரு ஹெக்டேருக்கான விதைக்கு 200 கிராம் பாக்கெட் மூன்று. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்கலாம். நிலத்துக்கு என்றால் ஹெக்டேருக்குப் பத்துப் பாக்கெட், 25 கிலோ தொழு உரம், 25 கிலோ மண் கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும். சாயங்காலம் தூவுங்கள், மண்ணில் ஈரம் இருக்கட்டும்.

பூஞ்சாணக்கொல்லி பூசிய விதையானால் ஒரு நாள் கழித்துத்தான் இதைப் பூச வேண்டும். யூரியா, டிஏபி, சாம்பல் எதோடும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். பூஞ்சை வகையாக இருந்தால் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

மாடித் தொட்டிக்கு இது தேவையா?

தொட்டியில் வெறும் தேங்காய் நார்க்கழிவு மட்டும் இருந்தால், கரைக்க அங்கே என்ன இருக்கிறது? செம்மண், மண்புழு உரம், கொஞ்சம் எலும்புத்தூள் இருக்கட்டும், அப்புறம் ஒரு ஸ்பூன் நுண்ணுயிர் உரம். போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் நாளாக நாளாகத் தொட்டி மண் காரமாகிவிடும், மேலே வெள்ளைப் படிவு தெரியும். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்ற முடிந்தால் நல்லது.

டிசம்பர், ஜனவரியில் நிறையப் பேர் தக்காளி நாற்றைப் படமெடுத்து அனுப்புவார்கள். மேலே பச்சை, இலையைத் திருப்பினால் நரம்போடு நரம்பாகக் கத்தரிப்பூ நிறம். மணிச்சத்துக் குறையின் அடையாளம்தான். ஆனால் பெங்களூர்க் குளிரில் வேரும் கிருமியும் மந்தமாகிவிடுவதால், மண்ணில் சத்து இருந்தும் இப்படி வரும். தொட்டியை வெயில் படும் இடத்துக்கு நகர்த்தி இரண்டு வாரம் பொறுங்கள், புது இலை பச்சையாக வருகிறதா பாருங்கள்.

ஜீவாமிர்தம், சாணக் கரைசல் ஊற்றுகிறோம், போதாதா?

பல நிலங்களுக்குப் போதும். அவை ஏற்கெனவே மண்ணில் இருக்கும் கிருமிகளுக்குத் தீனி. தீனி போட்டு வளர்த்த உள்ளூர்க் கிருமி, பாக்கெட்டில் வந்த விருந்தாளியைவிட நன்றாகத் தாக்குப்பிடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மணிச்சத்து அதிகமானால் கெடுதலா?

ஆம். மண்ணில் மிதமிஞ்சினால் செடிக்குத் துத்தநாகம் கிடைப்பது குறையும், வேர்ப்பூஞ்சை விலகும். மண்ணோடு அரித்துப் போனால் ஏரியில் சேரும். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நுரைக்குச் சோப்புத்தூளும் சாக்கடையும் காரணம், ஆகாயத்தாமரை அப்படி மூடிக்கொள்வதற்கு அதே சாக்கடையில் வரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் தீனி. ஏரிக்கரையில் நிற்கும்போதெல்லாம், இது ராகிக் காட்டில் இருந்திருக்க வேண்டிய சத்து என்று எனக்குத் தோன்றும்.

பாக்கெட்டே வாங்காமல் ஏதாவது செய்ய முடியுமா?

துவரை போடுங்கள். ஹைதராபாத் பக்கத்தில் இருக்கும் சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட்டில் செய்த ஆய்வு ஒன்று 1990-இல் வெளியானது. நம் தக்காணத்துச் செம்மண்ணில் இரும்பு பிடித்துவைத்த பாஸ்பேட்டை, துவரை வேர் கசியவிடும் பிசிடிக் அமிலம் விடுவிக்கிறது என்று அதில் காட்டினார்கள். சோளமும் மற்ற பயிர்களும் தொட முடியாத பங்கு அது. துவரை எடுத்தது அதன் இலையும் வேரும் மக்கும்போது அடுத்த பயிருக்கு வரும்.

இந்தப் பக்கத்து ஆட்கள் ராகிக்கு நடுவில் துவரையோ அவரையோ சால் விட்டு விதைப்பது எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று தெரியாது. என் அத்தை எட்டு சால் ராகிக்கு இரண்டு சால் துவரை விடுவார். கொட்டிய துவரை இலையைக் கூட்டி எரிக்க விடமாட்டார், மாடு மேய்க்கவும் விடமாட்டார். ‘அது நிலத்துக்குடா’ என்பார். இந்த வருடம் அந்த நிலத்து மண்ணை வேரோடு ஒரு டப்பாவில் கொண்டுவந்திருக்கிறேன், தட்டு ஊற்றி வைத்தாயிற்று.